மருமோனுக்கு ஒரு உதை

வா மருமோன், இரு. கொம்மா தேத்தண்ணி போடுறா. ஜன்னலுக்குள்ளாலை எண்ணிக்கொண்டுதான் இருந்தனான். இண்டைக்கு 31 உதை. நேற்று 27தான். முன்னேறுறாய்.

1970ஆம் ஆண்டு ட்ரையம்ப் பொன்னெவில் மோட்டச்சைக்கிள். உன்னை விட மூப்பு. ஒன்ராறியோவிலை 30 வயசு தாண்டின வண்டிக்கு வரலாற்று வாகனமெண்டு தனி இலக்கத்தகடு குடுக்கிறாங்கள். எனக்கு 74. ஸ்காபரோ பஸ்ஸிலை எழும்பி இடம் விடவும் ஆளில்லை.

போனிலை என்னத்தைத் தடவுறாய்? எலெக்ட்ரோனிக் இக்னிஷனோ? போயர் பிரான்ஸ்டன், பேஸோன், ட்ரை-ஸ்பார்க். இங்கிலாந்து, நியூசிலாந்து, அவுஸ்திரேலியா எண்டு மூண்டு நாட்டிலையும் பொம்பிளை பாத்து முடிச்சிட்டாய். மாப்பிள்ளையின்ரை குறிப்பை ஆர் பாத்தது? பற்றறியைச் சொல்லுறன். நவம்பரிலையிருந்து ஏப்ரல் மட்டும் கராஜுக்குள்ளை பட்டினி கிடந்த சீவன். வயிறு நிறைஞ்சால் 12.7 வோல்ற் காட்டவேணும். நீ நித்திரையா இருக்கேக்கை மீற்றரை வைச்சுப் பாத்தன். 11ஐயே எட்டிப் பிடிக்கேல்லை. பழைய சாதி இக்னிஷன் பெட்டிகளுக்கு வோல்ற் இறங்கினால் புத்தி தடுமாறும். நேரங்கெட்ட நேரத்திலை பொறி விடும். பிறகு நீ வண்டியை உதைக்க மாட்டாய், வண்டிதான் உன்னை உதைக்கும். இப்ப வாற டிஜிட்டல் பெட்டியள் கொஞ்சம் பசி தாங்கும். அதுக்கெண்டு ஒரேயடியாப் பட்டினி போடேலாது.

முதலிலை எஞ்சினின்ரை வலப்பக்கத்து வட்ட மூடியைக் கழட்டு. இரண்டே இரண்டு திருகாணி. உள்ளுக்கை பார், இப்ப பொறி விட வைக்கிற இரண்டு சோடி பொயின்ற்ஸ். ஒரு முகத்திலை குழி, மற்றதிலை மேடு. அம்மைத் தழும்பு மாதிரி. இடைவெளி 15 தவ் இருக்கவேணும், அதாவது அங்குலத்திலை ஆயிரத்திலை 15 பங்கு. நீ விட்டிருக்கிறதுக்குள்ளாலை பஸ் போகும். அந்தத் தட்டுக்குப் பின்னாலை சின்ன எடைக்கல்லு இரண்டு, ஸ்பிரிங் இரண்டு. ஸ்பிரிங் தளர்ந்தால் கல்லு விரிஞ்சபடி நிண்டிடும், வண்டி நிண்ட இடத்திலை ஒழுங்கா மூச்சு விடாது. பெட்டி பூட்டினால் இந்தக் கல்லும் ஸ்பிரிங்கும் தேவையில்லை. அதிலை நீ சொல்லுறது சரி. ஒத்துக்கொள்ளுறன், கொம்மாவுக்குச் சொல்லாதை.

மக்னெற்றோ போடுவமோ எண்டும் கேட்டனீ. யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத அந்த 90களிலை சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைச் சுத்தி, டைனமோவிலை ரேடியோச் செய்தி கேட்ட ஆக்கள் நாங்கள். மக்னெற்றோவும் அந்த இனந்தான், பற்றறியிட்டைப் பிச்சை கேளாது. ஆனா பொன்னெவிலுக்கு 1963இலேயே அதைக் கைவிட்டிட்டாங்கள். உன்ரை எஞ்சினிலை அதுக்கெண்டு இடம் விடேல்லை. யாழ்ப்பாணத்திலை மோட்டச்சைக்கிள் அப்ப மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. ஒரு சின்னப் போத்திலிலை பெற்றோல் வைச்சிருந்து, கார்புரேற்றருக்கு இரண்டு சொட்டுக் காட்டி ஏமாத்தி ஸ்டார்ட் பண்ணுவம். பிளக் நெடுகக் கரி பிடிக்கும். அப்பவும் 31 தரம் ஒருத்தரும் உதைச்சதில்லை, அவ்வளவு சோறும் இருக்கேல்லை.

சரி, டிஜிட்டலா ஒண்டை வாங்கு. புதுப் பற்றறியும் சேத்து வாங்கு. இந்த வண்டிக்கு பிளஸ்தான் எர்த், மறந்திடாதை. உங்கடை கார்ப் பழக்கத்திலை மைனஸைக் கொண்டுபோய்ச் சட்டத்திலை கொழுவினாயெண்டால், குடுத்த காசு புகையா வரும். மணமும் நல்லா இராது. பிறகு ஸ்ட்ரோப் லைற்றைப் பிடிச்சு, வேகத்திலை 38 பாகை நிக்குதோ எண்டு பார். பத்து மணிக்குப் பிறகு பார். விடியப்பறம் எஞ்சினை முறுக்கி, பக்கத்து வீட்டுச் சீனாக்காரரை எழுப்பாதை.

போர்ட் டோவருக்குப் போகப்போறன் எண்டனீ? 1981இலை தொடங்கினது, 13ஆம் திகதியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் ஈரி ஏரிக் கரையிலை மோட்டச்சைக்கிள் திருவிழா. ராகுகாலம் பாக்கிற சனம் நாங்கள், நீ அதுக்குத்தான் போறாய். போ. 403 ஓரத்திலை அந்தப் பெட்டி செத்தால் திறந்து பாக்க உள்ளுக்கை ஒண்டுமிராது, கறுப்புப் பிசின்தான். அதாலை கழட்டின பொயின்ற்ஸ் தட்டை ஆருக்கும் வித்துப்போடாதை. மைலோ ரின்னுக்குள்ளை எண்ணெய்த் துணி சுத்தி என்னட்டைத் தா. போன் எடுத்தியெண்டால் கொண்டுவந்து பூட்டித் தாறன்.

பொயின்ற்ஸ் எந்த இடத்திலை திறக்குதெண்டு பிடிக்க, இடையிலை சிகரட் தாள் வைச்சு இழுக்கவேணும். தாள் வழுகிற இடந்தான் நேரம். அதுக்கு இப்பவே ஒரு பெட்டி சிகரட் வாங்கி வைச்சிடு. வெறும் தாள் விக்கிறாங்கள்தான், அது வேறை தடிப்பு. டொக்டர் மறிச்சது புகையை, தாளை இல்லை.