தேதி வக்கீல்

தொழிலாளர் தகராறும் வணிக வழக்கும் நடத்துபவர், வக்கீல் இனத்தில் ஒரு தனிப் பிரிவு. சென்னையில் இவருடைய வாழிடம் பாரிமுனை. தம்புச்செட்டித் தெருவிலோ லிங்கிச்செட்டித் தெருவிலோ குறுகலான மாடிப்படி ஏறி முடித்ததும், கேஸ் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையும் அதன் மேல் தடித்த டைரியும் தென்பட்டால், டைரிக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான்.

கதை கேட்க மறுப்பது இவரது முதல் அடையாளம். வேலை போன தொழிலாளி, "பதினெட்டு வருஷ உழைப்பு சார், நாயைத் துரத்துற மாதிரி துரத்திட்டாங்க" என்று கண் கலங்குவார். வக்கீல் பேனாவைத் திறந்து, "எந்தத் தேதியில?" என்பார். நெஞ்சில் ஈரம் இல்லாமல் அல்ல. கண்ணீருக்குச் சட்டத்தில் கெடு இல்லை, மனுவுக்கு உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில், சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து 45 நாள் கழிந்தால் தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்றிருந்தது. அங்கே வக்கீல் ஆஜராக வேண்டுமென்றாலோ எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டியிருந்தது. பந்து வீசுவதற்கு மட்டை பிடித்தவரிடமே அனுமதி கேட்பது மாதிரி. அந்தச் சட்டத்தை 2020ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு விழுங்கிவிட்டது. வக்கீலும் புதுப் புத்தகம் வாங்கிவிட்டார். வாய்தான் இன்னும் பழைய பிரிவு எண்களையே சொல்கிறது.

வணிகத் தரப்பிலும் இதே பஞ்சாங்கம்தான். காசோலை திரும்பினால் 30 நாளுக்குள் நோட்டீஸ். பணம் கட்ட 15 நாள். கட்டாவிட்டால் ஒரு மாதத்துக்குள் புகார். வணிக வழக்கில் சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் எதிருரை தாக்கலாகவில்லை என்றால், அந்த உரிமையே போயிற்று. "வேலையை விட்டா ரெண்டு வருஷம் போட்டிக் கம்பெனியில சேரக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம்" என்று முதலாளி பெருமையோடு ஒப்பந்தத்தை நீட்டுவார். அதில் மட்டும் வக்கீல் தேதி பார்ப்பதில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி இது செல்லாது என்று சொல்லி, காகிதத்தை மடித்து முதலாளியின் கையிலேயே கொடுத்துவிடுவார்.

இவரது கலை உச்சம் தொடுவது குறுக்கு விசாரணையில். கூண்டில் நிர்வாகத் தரப்பின் பர்சனல் மேனேஜர்.

"உள்விசாரணை என்னைக்கு முடிஞ்சது?"

"பன்னிரண்டாம் தேதி."

"விசாரணை அறிக்கையில என்ன தேதி போட்டிருக்கு?"

மேனேஜர் கண்ணாடியை மாட்டுகிறார். கழற்றித் துடைக்கிறார். மறுபடி மாட்டுகிறார்.

"பத்து."

"வேற கேள்வி இல்லைங்க." வக்கீல் உட்கார்ந்துவிடுகிறார். ஜூனியர் சிரிப்பை மறைக்கக் கேஸ் கட்டுக்குள் குனிகிறார்.

பிறர் தவறவிட்ட தேதியில் பிழைக்கும் இவர், தம் முறை வந்தால் மட்டும் எழுந்து நின்று கேட்பது ஒன்றே: வாய்தா. எதிராளி கேட்டால் அது இழுத்தடிப்பு. இவர் கேட்டால் இயற்கை நீதி. அதனால்தான் டைரி ஜனவரியிலேயே ஜூன் வரை நிரம்பிவிடுகிறது.

கடைசியில் பல வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன. இரு தரப்பும் தொடக்கத்திலேயே மனத்தில் வைத்திருந்த தொகைக்கு ஏறக்குறைய. ஆகவே கட்சிக்காரருக்கு ஒரு வார்த்தை: சார்ஜ் மெமோ, பதில் கடிதம், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் வாய்தா.