வம்சாவளி தேடும் பூனைப் பிரியர்

சாம்பல் நிறப் பூனையை ‘ரஷ்யன் ப்ளூ’ என்று அறிவிக்கவும், மயிர் சற்று நீண்டிருந்தால் ‘மெயின் கூன்’ என்று பட்டம் சூட்டவும் அமெரிக்கப் பூனைப் பிரியர்கள் தயங்குவதில்லை. இனம் என்பது பதிவேட்டில் எழுதப்பட்டு, திட்டமிட்ட இணைசேர்க்கையால் காக்கப்படும் வம்சாவளியாகும். 1871இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஹாரிசன் வீர் என்பவர் நடத்திய பூனைக் கண்காட்சிக்குப் பின் வலுப்பெற்ற இந்த ஏற்பாடு குறித்து, தெருவில் சந்தித்துக்கொண்ட தாய்ப்பூனைக்கும் தகப்பன்பூனைக்கும் எவரும் தகவல் தரவில்லை. ஆகவே கால்நடை மருத்துவர் எழுதித் தரும் ‘நாட்டுக் குட்டைமயிர்ப் பூனை’ என்னும் குறிப்பு, ‘குறிப்பிட்ட இனம் ஏதுமில்லை’ என்பதன் மரியாதையான வடிவமே.

பழைய பூனை இறந்தபின் அதே சாயலில் மற்றொன்றைத் தேடுபவருக்கு, இடையில் ஒவ்வாமையும் வந்து சேர்ந்துவிட்டால் தேடல் இன்னும் சுவையாகிறது. தும்மலுக்கு மயிரே காரணம் என்று நம்பிப் பெரும் விலைக்கு மயிரற்ற ‘ஸ்பிங்க்ஸ்’ பூனையை வாங்குபவர், வழவழப்பான அந்த உடலைத் தடவியபடியே தும்முகிறார். ஏனெனில் பூனை ஒவ்வாமையின் முதன்மைக் காரணி, உமிழ்நீரிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உருவாகி, பூனை தன்னை நக்கும்போது உடலெங்கும் பரவி, உலர்ந்த தோற்செதில்களோடு காற்றில் மிதக்கும் ‘ஃபெல் டி 1’ என்னும் புரதமாகும். அதன் அளவு ஓர் இனத்துக்குள்ளேயே பூனைக்குப் பூனை வேறுபடுவதால், ‘ஒவ்வாமை தராத இனம்’ என்பது விற்பவரின் நம்பிக்கை மட்டுமே. வாங்க விரும்புவோர் முதலில் ஒவ்வாமை மருத்துவரைக் கண்டு, பின் அந்தக் குறிப்பிட்ட பூனையோடு பலமுறை சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும். இச்சோதனைக்கு வம்சாவளிச் சான்றிதழ் தேவையில்லை.