ஆயுள் உத்தரவாதம்

எங்களோடு மலையேற வரும் ஒருவர் இருக்கிறார். அவர் ஷூ கயிற்றில் கை வைத்துவிட்டால் நாம் பையை இறக்கி வைத்துவிடலாம். அரை மணி நேரத்துக்கு இனி யாரும் நகரப்போவதில்லை. கோத்தகிரி லாங்வுட் சோலையில், காட்டெருமை நிற்கிறது, சத்தம் போடாதீர்கள் என்று வழிகாட்டி சைகை காட்டியபோது எல்லோரும் எருமையைப் பார்த்தோம். அவர் தன் குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாக்ஸைக் கழற்றுவார். உள்பக்கம் வெளியே வரத் திருப்புவார். முட்டைக் கடைக்காரர் முட்டையைப் பார்ப்பதுபோல வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிப்பார். "ஒரு பொட்டு வெளிச்சம் தெரியுதா? தெரியாது. பின்னல் அவ்வளவு நெருக்கம். தொட்டுப் பாருங்க சார்." நாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம். "அட, காலையிலதான் போட்டது, சும்மா தொடுங்க." தொட வேண்டும். தொடாதவரை அவர் அதை மறுபடி மாட்டிக்கொள்ள மாட்டார். தொட்டாலும் போதாது, விரல் முனையில் தையல் தட்டுகிறதா என்று தடவிச் சொல்ல வேண்டும். தட்டவில்லை என்று சொன்னால் முகம் மலர்ந்து அடுத்த காலின் ஷூவைக் கழற்றுவார்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் பின்னியது. பெயர் டார்ன் டஃப். அவருடைய அக்கா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு ஜோடி கொண்டுவர வேண்டும் என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம். ஓட்டை விழுந்தால் புது ஜோடி தருவார்களாம், ஆயுள் முழுக்க. "சாக்ஸோட ஆயுளா, உங்க ஆயுளா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அன்று ஒரு நிறுத்தம் கூடுதலாக ஆனது. உண்மையில் அவருடைய ரகசியக் கவலை வேறு. ஓட்டை விழுந்தால்தானே உத்தரவாதத்தைச் சோதித்துப் பார்க்க முடியும்? வெயிலில் தூக்கிப் பார்ப்பது பாதிப் பெருமை, பாதி ஏக்கம். அது கிழிந்து தொலைக்க மாட்டேன் என்கிறது.

சொல்வதில் தப்பிருந்தாலாவது திட்டிவிட்டுப் போகலாம். அத்தனையும் சரி. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு விடாது. ஈரத்தில் தோல் ஊறி, ஷூ உரச உரசக் கொப்புளம் வரும். மெரினோ கம்பளி ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் காலுக்கு நனைந்த உணர்வைத் தராது, நாற்றமும் குறைவு. ஆனால் வெறும் கம்பளி சீக்கிரம் தேயும், அதனால் நைலான் கலந்திருக்க வேண்டும். காலைக் கவ்விப் பிடிக்கக் கொஞ்சம் ஸ்பான்டெக்ஸ். நம்மூர் வெயிலுக்குத் தடிமன் வேண்டாம், குதிகாலிலும் விரலிலும் மட்டும் மெத்தென்று இருந்தால் போதும். கனத்த சாக்ஸ் ஷூவுக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு விரலை நசுக்கும். இவ்வளவையும் பருத்திப் பனியனால் பிழைக்கும் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார் என்பதை நாங்கள் வெளியில் சொல்வதில்லை.

மழைக்காலத்தில் அட்டைப்பூச்சிக்கென்று முழங்கால்வரை வரும் துணி உறை வேறு. அந்தக் கதைக்குள் நான் போகவில்லை. வெள்ளியங்கிரியில், பக்தியில் பலர் வெறுங்காலோடு ஏறும் இடத்தில், சாக்ஸ் மட்டும் போட்டால் அது செருப்புக் கணக்கில் வருமா என்று அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பவரிடம் விசாரித்தவர் இவர். அந்த மனிதர் தடிக்கு மட்டும்தான் விலை சொன்னார்.

சிரித்துக்கொண்டே சொல்கிறேன், ஆனால் எரிச்சல் எரிச்சல்தான். இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று காலையிலேயே சொல்லித்தான் கூட்டிப்போகிறார்கள். இவர் காலைக் காற்றாட விட்ட நேரமெல்லாம் நம் இறக்கத்தில் கழிகிறது. கடைசிப் பஸ் போய்விடுகிறது. டீக்கடையில் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். மன்னிப்பா? "நல்லா நடந்தோம், இல்ல?" என்பார்.

இருந்தாலும் போன தடவை எங்களோடு வந்த கல்லூரிப் பெண்ணுக்கு வழியில் கொப்புளம் வந்தபோது, பையின் அடியிலிருந்து ஜிப் கவரில் மாற்று ஜோடியை எடுத்து நீட்டியவர் அவர்தான். "போட்டுக்கம்மா" என்றார். உரை கிடையாது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்தப் பெண் நன்றியோடு துவைத்து, மணக்க மணக்க வாசனைத் திரவத்தில் ஊறவைத்து, இஸ்திரியும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கி மூக்கருகே வைத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இஸ்திரியா?"

"ஆமா அங்கிள்."

"நீயே வச்சுக்கம்மா" என்றார், எழவு வீட்டுக் குரலில். "உத்தரவாதம் இதுக்கெல்லாம் வராது."