ஆ காட்டு, கூலி அப்புறம்

அமெரிக்காவில் நோயாளியாக நடிக்கக் கூலி தருகிறார்கள். பல் கிளினிக் சங்கிலிகள் தங்கள் கிளைகளையே வேவு பார்க்க அனுப்பும் ஆளுக்கு ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்று பெயர். நடிப்பு போலி. பல் நிஜம். எக்ஸ்ரே நிஜம். ஈறில் குத்தும் கம்பியும் நிஜம்.

போனை எத்தனையாவது மணியில் எடுத்தார்கள், ரிசப்ஷன் பெண் சிரித்தாரா, பெயர் சொல்லிக் கூப்பிட்டாரா, எத்தனை நிமிடம் காக்க வைத்தார்கள், பணம் கட்டத் தவணை உண்டென்று ஆசை காட்டினார்களா? எல்லாம் நினைவில் நிற்க வேண்டும். வாய்க்குள் இரண்டு கையும் ஒரு உறிஞ்சுகுழாயும் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பது தெரியவும் கூடாது. வீட்டுக்கு வந்து பக்கம் பக்கமாக அறிக்கை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அறிக்கை குப்பைக்கு. கூலியும் கூடவே.

கூலி எவ்வளவு? சில பத்து டாலர். கைக்கு வர ஒன்றிரண்டு மாதம். பெட்ரோல் உங்கள் செலவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். தவிர, நீங்கள் ஊழியர் அல்ல, ‘சுயதொழில்’ செய்பவர். 2009-லிருந்து அசையாமல் கிடக்கிறதே, மணிக்கு 7.25 டாலர் என்ற மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி, அதுகூட உங்களுக்குக் கிடையாது. ஆனால் ஆண்டு நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டால் 15.3 சதவீத சுயதொழில் வரி வீடு தேடி வரும். வரிக்கு முதலாளி. கூலிக்கு அநாதை.

பிறகு ஏன் போகிறார்கள்? முதியோருக்கான மெடிகேர் 1965-ல் சட்டமானது. அசல் மெடிகேரில் வழக்கமான பல் சிகிச்சை அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சும்மா பல் பார்த்துக்கொள்ள வழியில்லாதவன் வேவு பார்த்தாவது பார்த்துக்கொள்கிறான்.

2011-ல் அரசும் இப்படி ஒன்றை யோசித்தது. புது நோயாளிக்கு டாக்டர்கள் அப்பாயின்ட்மென்ட் தருகிறார்களா என்று ஆள் வைத்து போன் போட்டுப் பார்க்கலாம் என்றது. டாக்டர்கள் கொதித்தார்கள். வேவாம்! திட்டம் சுருண்டது. நோயாளிக்காகக் கேட்டால் வேவு. கல்லாவுக்காகக் கேட்டால் ‘சேவைத் தரம்’.

படிவத்தில் எல்லாம் இருக்கும். சொத்தையே இல்லாத பல்லைச் சொத்தை என்றார்களா என்ற கேள்வி மட்டும் இருக்காது. அதைக் கேட்டவர் ஒரு பத்திரிகையாளர். வில்லியம் எசன்பார்கர், 1997-ல், ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’டுக்காக, 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் தன் வாயைத் திறந்து காட்டினார். ஒரே வாய். அதே பற்கள். ஒருவர் சொன்ன செலவு 500 டாலருக்கும் கீழே. இன்னொருவர் சொன்னது கிட்டத்தட்ட 30,000.

அந்தக் கூலிக்குப் போகலாமா என்று கேட்பவர்கள் தாராளமாகப் போங்கள். கிரவுன் வேண்டும் என்பார்கள். தலையாட்டாமல் எழுந்து வாருங்கள். ‘சிரித்தார்களா?’ என்ற கட்டத்தில் யோசிக்காமல் ‘ஆம்’ போடுங்கள். முப்பதாயிரம் கேட்கிறவர்கள் சிரிக்காமலா கேட்பார்கள்?