பஃப்ளோ ரோட்டில் முதுகு ஊசி விசாரணை

எபிடியூரல் என்பது பிரசவ வலியைத் தணிக்க முதுகில் செலுத்தும் மருந்து. தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியே மரத்துப்போகச் செய்யும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார்கள். இதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல சிங்கப்பூரின் சிராங்கூன் வட்டாரத்தில் இருவர் உண்டு. ஒருவர் பஃப்ளோ ரோட்டுப் பூக்கடைக்கார அத்தை. மற்றவர் அவருடைய அண்ணன் மகள், மயக்கவியல் மருத்துவர். முன்னவர் படிக்காமலே முடிவுக்கு வந்தவர். பின்னவர் நிறையப் படித்ததால் எந்த முடிவையும் "பொதுவாக" என்ற சொல் சேர்க்காமல் சொல்லத் தெரியாதவர். கடைக்குள் மல்லிகை கட்டிக்கொண்டிருந்த மருமகளுக்கு ஏழு மாதம் என்பதால் விசாரணை தொடங்கியது.

"முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலி. தேக்கா மார்க்கெட்டுல யாரை வேணும்னாலும் கேளு."

"பர்மிங்ஹாம்லயும் அப்படித்தான் கேட்டாங்க அத்தை. பிள்ளை பெத்தவங்க பதினோராயிரம் பேருக்கு மேல. ஊசி போட்டவங்கதான் முதுகு வலின்னு அதிகமாச் சொன்னாங்க."

"பாத்தியா!"

"ஆனா கேட்டது பிள்ளை பிறந்து பல வருஷம் கழிச்சு. பின்னால குலுக்கல் முறையில முன்னாடியே ரெண்டு பிரிவாப் பிரிச்சுப் பாத்தாங்க. நாளாவட்டத்துல முதுகு வலி ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் இருந்துச்சு."

பாட்டி காலத்து நம்பிக்கை என்று பலரும் ஒதுக்கும் இந்தக் கருத்துக்கு ஆதாரம் பாட்டி அல்ல, 1990-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த கட்டுரை. அத்தை அதைப் படித்ததில்லை. ஆய்வு முறை மட்டும் அதேதான். அவர் 1966-ல் பழைய கண்டாங் கெர்பாவ் (கேகே) மருத்துவமனையில் பிறந்தவர். அந்த ஆண்டு அங்கே பிறந்தவை 39,835 குழந்தைகள். கின்னஸ் சாதனை அது. அத்தை தம் பிள்ளைகளைப் பெற்றதும் அங்கேதான், ஊசியில்லாமல். மருத்துவமனை 1997-ல் புக்கிட் தீமா ரோட்டுக்குப் போய்விட்டது. பழைய இடத்தில் தரைப் போக்குவரத்து ஆணையம் வந்துவிட்டது. அத்தையின் இடுப்பு வலி மட்டும் இடம் மாறவில்லை.

"அப்ப உங்களுக்கு எந்த ஊசியால வந்துச்சு?"

"அது கடையில உக்காந்து பூக்கட்டி வந்தது. அது வேற லா."

அடுத்த குற்றச்சாட்டு, ஊசி போட்டால் அறுவைச் சிகிச்சையில் முடியும் என்பது. 40 ஆய்வுகள், 11,000-க்கும் மேற்பட்ட தாய்மார்களின் விவரங்களைத் தொகுத்த 2018-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வு, எபிடியூரலால் சிசேரியன் கூடவில்லை என்கிறது. பழைய ஆய்வுகளில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பது கூடியிருந்தது; 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் 567,216 பிரசவங்களைப் பார்த்து 2024-ல் வெளியான ஆய்வில், எபிடியூரல் பெற்றவர்களிடம் உயிருக்கு ஆபத்தான சிக்கல்கள் 35 விழுக்காடு குறைவு. ஊசிதான் காரணம் என்று அந்த வகை ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது. மருத்துவர் இதையும் சொன்னார். அத்தைக்கு அது மட்டும் நன்றாகக் கேட்டது.

"வலிச்சுப் பெத்தாத்தான் தாய்ப்பாசம் வரும்."

"மாமாவுக்கு வலிக்கவே இல்லையே. அவருக்குப் பாசம் இல்லையா?"

"அந்த ஆள் பேச்சை எடுக்காத."

"விக்டோரியா மகாராணியே 1853-ல எட்டாவது பிள்ளைக்குக் குளோரோஃபார்ம் வாங்கிக்கிட்டாங்க."

"மகாராணிக்குப் பிள்ளை வளக்க ஆளிருந்துச்சு."

மருத்துவரின் பேச்சு பிறகு இயந்திரத்துக்குத் தாவியது. இத்துறையில் அது தவிர்க்க முடியாதது. முன்பு பம்பு ஒரே சீராக மருந்தைச் சொட்டிக்கொண்டிருக்கும். இப்போது குறித்த இடைவெளியில் மொத்தமாக ஒரு அளவு தள்ளுவதும் வழக்கம். மருந்து பரவலாகப் போகிறது, குறைவாகவும் போதுகிறது. வலித்தால் தாயே பொத்தானை அமுக்கிக் கூடுதலாகப் பெறலாம். கேகே மருத்துவமனை இன்னும் ஒரு படி போய், முந்தைய ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை அமுக்கினார் என்று பார்த்துத் தானே அளவை மாற்றும் பம்பைச் சோதித்தது.

"மெஷினே எல்லாத்தையும் பாத்துக்கிட்டா நீ என்னத்துக்கு?"

"சம்மதக் கையெழுத்து வாங்க."

இது நகைச்சுவையாகச் சொல்லப்பட்டது. ஆனால் மருத்துவர் மாட்டிக்கொண்ட இடமும் இதுதான்.

"எப்ப வாங்குவ?"

"வலி வந்து ஊசி கேக்கும்போது."

"கட்டிலைப் புடிச்சுக்கிட்டு அலறுறவகிட்ட என்ன சொல்லுவ?"

"நூத்துல ஒருத்தருக்குக் கடுமையான தலைவலி வரலாம், ரத்த அழுத்தம் குறையலாம், காய்ச்சல் வரலாம், கால் மரத்துப்போகலாம், ரொம்ப அபூர்வமா நரம்பு..."

"அவ காதுல விழுமா?"

மருத்துவர் பதில் சொல்லவில்லை. இந்தச் சுற்றில் வெற்றி அத்தைக்கு. பட்டியல் நீண்டதற்குக் காரணம் உண்டு. மணிக்கட்டு ஊசியின் பக்கவிளைவுகளைச் சொல்லவில்லை என்று ஓர் எலும்பியல் மருத்துவருக்கு 100,000 வெள்ளி அபராதம் விதித்த செய்தி 2019 தொடக்கத்தில் வெளியானது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அபராதத்தை ரத்து செய்தது. ஆனால் பயம் ரத்தாகவில்லை. நோயாளி முடிவெடுக்க எது தேவையோ அதைச் சொல்வதே கடமை என்ற வகையில் திருத்திய சட்டம் 2022 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிரசவ வலி உச்சத்தில் இருப்பவருக்கு எது தேவை என்று கேட்டால், ஊசி என்றுதான் சொல்வார்.

அதுவரை மருமகளிடம் எவரும் எதுவும் கேட்கவில்லை. அவர் சரத்தை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணி, ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் எனக்குக் கம்மின்னு சொன்னாங்க. 110 ஆயிரம். ஊசி போடலாமா?"

அத்தைக்கு இது செய்தி. மருத்துவருக்கும்தான்.

"வேற கோளாறு இல்லாம 70 ஆயிரத்துக்கு மேல இருந்தா பொதுவாப் போடுவாங்க. பிரசவ நேரத்துல மறுபடி பாக்கணும். ரத்தம் உறையாம இருக்க மருந்து சாப்பிடுறியா? முதுகுல ஆபரேஷன் ஏதாச்சும் ஆகியிருக்கா?"

"இல்ல."

கர்ப்ப காலத்திலேயே மயக்கவியல் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவைதாம். ஏழாம் மாதத்தில் கேட்டால் பேச நேரம் இருக்கிறது. பிரசவ அறையில் முதன்முறையாகக் கேட்டால், ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை ஊசிக்குக் காத்திருக்க நேரலாம்.