தரைக்குக் கீழே போன வீடு

எங்கள் ஊர் ஏம்பலத்தில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் வாசல் கொஞ்சம் கீழே இறங்கிவிடும். அண்டார்க்டிகாவில் இதற்கு டெண்டர், காண்டிராக்டர் எதுவும் வேண்டாம். 1983–84இல் இந்தியா அங்கே கட்டிய தட்சிண கங்கோத்ரி நிலையத்தைப் பனியே மூடிப் புதைத்தது. 1990இல் அதைக் கைவிட்டார்கள். அனுபவப்பட்டவர்கள் 2012இல் திறந்த பாரதி நிலையத்தைப் பாறைமேல் தூண் ஊன்றி உயரத்தில் நிறுத்தினார்கள். நம் ஊரில் அனுபவப்பட்டவர்கள் வீட்டுக்குள் இறங்க இன்னொரு படி கட்டுகிறார்கள்.

அண்டார்க்டிகாவில் குப்பையைக் கட்டிக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவர வேண்டும். நாய்களுக்கோ 1994 முதல் தடை. இந்தப் பக்கத்திலிருந்து யாராவது ஆய்வுக்குப் போனால் குளிர் எப்படியும் பழகிவிடும். குப்பையைக் கண்ட இடத்தில் வீச முடியாததும், ராத்திரி ஒரு நாயும் குரைக்காததும்தான் தூக்கத்தைக் கெடுக்கும்.