தோட்டாப் பண்டிதர்

தமிழகத்துச் சிற்றூர்களில் தேநீர்க் கடைப் பலகையை நிலைக்களமாகக் கொண்டு வாழும் வல்லுநர்களுள் தேர்தல் கணிப்பவர், கிணற்றுக்கு நீரோட்டம் பார்ப்பவர், இந்தியக் கிரிக்கெட் அணியை நாள்தோறும் கலைத்து அமைப்பவர் ஆகியோரைப் பற்றிப் போதிய அளவு எழுதப்பட்டுள்ளது; வாழ்நாளில் ஒருமுறைகூடச் செல்லப்போகாத வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி பொருத்தம் என்று ஓயாது ஆராயும் தோட்டாப் பண்டிதரை மட்டும் ஏனோ எவரும் கண்டுகொள்ளவில்லை. புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவிலில், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனுக்கொண்டு வருவோர் காத்திருக்கும் தேநீர்க் கடையில், இவ்வகையின் நன்கு முதிர்ந்த மாதிரி ஒன்றைக் காணலாம். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரைச் சிவன் கோயிலும், குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த நூற்றுக்கால் மண்டபமும் உடைய இவ்வூரில் மலை என்று சொல்லத்தக்கது அக்கோயிலைத் தாங்கும் பாறைக்குன்று ஒன்றே. கரடி என்று சொல்லத்தக்கது சிவ பூசையில் நுழைவதாகப் பழமொழி கூறும் கரடி ஒன்றே. இவ்விரு குறைகளாலும் பண்டிதரின் புலமைக்கு எந்தச் சேதமும் நேர்ந்ததில்லை.

அவருடைய நேரடிப் பயிற்சி சுருக்கமானது. கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளைக் கொண்டு, படுத்த நிலையில், ஐந்து குண்டுகள் சுட்டிருக்கிறார். அவற்றுள் எத்தனை இலக்குத் தாளைத் தொட்டன என்னும் வினாவுக்கு, அந்த ரைஃபிளின் குறிமுள் சற்றே சாய்ந்திருந்தது என்னும் விடையே இன்றளவும் கிடைத்துவருகிறது. திருவிழாக் கடைகளில் பலூன் சுடும் காற்றுத் துப்பாக்கிகள் அனைத்துக்கும் இதே குறை இருப்பதை அவர் பிற்காலத்தில் கண்டறிந்தார். இவை தவிர, பாட்டனார் உரிமம் பெற்று வைத்திருந்த பன்னிரண்டு போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் அவற்றுள் ஒன்று சரியாக நுழையும் குழலுக்குப் பன்னிரண்டு போர் என்று பெயர். தேர்தல்தோறும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டும் மீட்கப்பட்டும் வந்த அத்துப்பாக்கி, வெடித்த நாள்களைவிட ரசீது பெற்ற நாள்களே மிகுதி. பின்னர் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டைக்காரர்கள் அதை இழப்பாகக் கருதினர்; பண்டிதருக்கோ அது காப்பீடாக அமைந்தது, ஏனெனில் அதன்பின் அவருடைய குறி தவறுவதற்கு வாய்ப்பே இல்லாமற்போயிற்று.

செயலில் நேர்ந்த இக்குறையை அவர் நூலறிவால் ஈடுசெய்கிறார். வேட்டை நூலாசிரியர் கென்னத் ஆண்டர்சனின் .405 வின்செஸ்டர், ஜிம் கார்பெட் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றமைக்காக 1907இல் பரிசாகப் பெற்ற .275 ரிக்பி ஆகியன அவர் நாவில் சொந்த வீட்டுப் பாத்திரங்கள்போல் புழங்கும். புள்ளியிட்ட இவ்வெண்கள் அங்குலக் கணக்கில் சொல்லப்படும் குழல் அளவு என்றும், ரைஃபிள் என்பது குழலின் உட்புறத்தில் திருகுபோல் வெட்டிய புரிகளால் குண்டைச் சுழற்றி அனுப்புவது என்றும், மனுவோடு வந்தவர்களுக்கு அவர் பொறுமையாக விளக்குவார். அவருக்கு மிக விருப்பமான வரலாறு 1907ஆம் ஆண்டுத் தடை. படையினரின் மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிக்கும் அதே அளவு இருந்தமையால் கலகக்காரர் கைக்குத் தோட்டா போய்விடும் என்று அஞ்சிய பிரிட்டிஷ் அரசு, .450 அளவு ரைஃபிள்களை இந்தியாவில் தடுத்தது. லண்டன் துப்பாக்கிச் சாலையினர் உடனே .465 என்றும் .470 என்றும் மயிரிழை அளவு விலகி, சட்டத்துக்கு உட்பட்டும் யானைக்கு எதிராகவும் புதிய தோட்டாக்களைச் செய்தனர். இதைக் கூறும்போது அந்த யோசனையை லண்டனுக்குச் சொல்லி அனுப்பியவர் தாமே என்பது போன்ற தன்னடக்கம் பண்டிதரின் முகத்தில் தோன்றும். பெல் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் ஏறத்தாழ கார்பெட்டின் சிறு ரைஃபிள் அளவிலான தோட்டாவைக் கொண்டே ஆப்பிரிக்காவில் நூற்றுக்கணக்கான யானைகளை வீழ்த்தினார் என்னும் செய்தியும் அவருக்குத் தெரியும். எனினும் பெருந்தோட்டாவின் பெருமையைக் குலைக்கும் அச்செய்தி அவைக்கு வருவதில்லை.

இத்தகைய புலமைக்கு உண்மையான வேலை வந்தது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வாழும் அக்காள் மகன், வடக்கு மலைகளில் மூஸ் வேட்டைக்குப் போவதாகத் தொலைபேசியில் தெரிவித்தபோதுதான். மூஸ் என்பது மான் குடும்பத்தில் மிகப் பெரியது. அப்பகுதியில் முதிர்ந்த ஆண் 500 கிலோவைத் தாண்டும். பண்டிதர் பலகையிலிருந்தோருக்கு அதைக் கடமானுக்குப் பெரியப்பா முறை என்று அறிமுகம் செய்துவிட்டு ஆய்வைத் தொடங்கினார்.

“மாமா, இங்க எல்லாரும் .30-06 போதும்னு சொல்றாங்க.”

“மூஸுக்குப் போதும் மாப்ள. கரடிக்கு?”

“கரடியைச் சுடப் போகலையே மாமா.”

“நீ போகலை. அது வருமுல்ல?”

இவ்வகை ஆய்வு முழுவதும் இந்த ஒரு வினாவின்மேல்தான் நிற்கிறது. .30-06 என்பது 1906இல் அமெரிக்கப் படைக்காக அமைந்த தோட்டா; ஏறத்தாழ 12 கிராம் குண்டை 3,900 ஜூல் ஆற்றலோடு செலுத்துவது; வட அமெரிக்காவில் தலைமுறை தலைமுறையாக மூஸை வீழ்த்திவருவது. சுவீடனிலும் நார்வேயிலும் இதனினும் மென்மையான 6.5 மில்லிமீட்டர் தோட்டாவுக்கே எண்ணற்ற மூஸ்கள் விழுந்துள்ளன. ஆக, மூஸை மட்டும் கருதினால் ஆய்வு இரண்டு மிடறு தேநீரில் முடிந்துவிடும். அவ்வாறு முடியாமல் காப்பதற்கென்றே கிரிஸ்லிக் கரடி அழைத்துவரப்படுகிறது. கரடி வந்ததும் 1958இல் தோன்றிய .338 வின்செஸ்டர் மேக்னம் மேடையேறுகிறது; கரடி சற்று வளர்ந்ததும் ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் 1912இல் வெளியிட்ட .375 வருகிறது, அதன் ஆற்றல் 5,800 ஜூல் அளவு. சுட்டவரின் தோளில் துப்பாக்கி திருப்பித் தரும் பின்னுதைப்பு இதில் .30-06 தருவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. அதை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டு விசையை இழுப்பவரின் குண்டு எத்தனை ஜூல் சுமந்தும் பயனில்லை. மேலும் இத்தகைய துப்பாக்கி பெரும்பாலும் கனமானது; ஒரு கிலோ மிகுதி என்பது தேநீர்க் கடையில் சிறிய எண்ணாகவும், மூன்றாம் நாள் ஏற்றத்தில் பெரிய எண்ணாகவும் விளங்குவது. பண்டிதர் ஏறியுள்ள மலை கோயில் குன்று மட்டுமே, அதுவும் வெறுங்கையோடு, என்பதால் இக்கருத்து அவரை எட்டவில்லை.

கரடி ஆபத்து பொய்யன்று. அது வரும் வேளைதான் பண்டிதரின் கற்பனையோடு ஒத்துப்போவதில்லை. மூஸ் விழுந்தபின் தோலுரித்து, 200 கிலோவுக்கும் மேற்பட்ட இறைச்சியைக் கூறுபோட்டு முதுகில் சுமந்து பலமுறை நடக்க வேண்டும். குருதியும் குடலும் மணப்பதைத் தொலைவிலிருந்தே அறியும் கரடி அப்போதுதான் வருகிறது. வேட்டைக்காரரின் இரு கைகளும் முழங்கைவரை மூஸுக்குள் இருக்க, நெடுநாள் ஆராய்ந்து தேர்ந்த ரைஃபிள் பத்தடி தள்ளி மரத்தில் சாய்ந்திருக்கும் வேளை அது. அந்நேரத்தில் இடுப்பில் தொங்கும் மிளகாய்த் தெளிப்பான் கைக்கு எளிதில் எட்டும். அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நிகழ்ந்த சந்திப்புகளை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வு, பழுப்புக் கரடிகளிடம் அது 92 விழுக்காடு பலித்ததாகக் காட்டுகிறது. கிரிஸ்லியும் பழுப்புக் கரடி இனமே. பண்டிதர் இதைச் செவிமடுத்தார். ஆனால் மிளகாய்க்குக் குழல் அளவு இல்லை, பிறந்த ஆண்டு இல்லை, லண்டனில் செய்த கம்பெனி இல்லை என்பதால் அதை ஆய்வுப் பொருளாக ஏற்க மறுத்துவிட்டார்.

இதற்கிடையில் கனடா அரசுக்கும் சில கேள்விகள் இருந்தன. துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் தேர்ச்சி, உரிமத்துக்கான விண்ணப்பம், முதன்முறை பெறுவோர்க்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு, மாகாணத்தின் வேட்டையாளர் பாடம் ஆகியவற்றை மருமகன் ஒவ்வொன்றாக முடித்தான். கிரிஸ்லி வேட்டை அம்மாகாணத்தில் 2017இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது என்பதையும் மாமாவுக்கு நினைவூட்டினான். தற்காப்பு என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று கேட்டு, பண்டிதர் .416 ரிக்பியையும் பட்டியலில் சேர்த்தார். வேட்டை முடிந்த செய்தி வந்தபோது கடையில் கூட்டம் குறைவு. ஆயினும் ஒலிபெருக்கி முழு அளவில் வைக்கப்பட்டது.

“பழைய .30-06 ஒண்ணு வாங்கிட்டுப் போனேன் மாமா. நூறு மீட்டர், ஒரே குண்டு. விழுந்துருச்சு.”

“கரடி?”

“வரவே இல்லை மாமா.”

“அதனால பொழச்ச மாப்ள. அடுத்த வருசம் .375தான்.”